நம் கடற்கரைக்கு ஒரு சின்ன லேப்டாப்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் அண்ணன், "உன் தொழில் சம்பந்தமா இருபது நிமிஷம் பேசு, ஆனா பிள்ளைகளுக்குப் பிரயோஜனமா இருக்கணும்" என்று கட்டளை போட்டிருக்கிறார். என் தொழில் எடை பார்ப்பது. துறைமுகத்தைச் சுற்றியுள்ள லாரி வேபிரிட்ஜ்களையும், கன்வேயர் பெல்ட்டில் ஓடும் சரக்கை நிறுக்கும் தராசுகளையும் சரிபார்த்துக் கொடுக்கிறேன். ஒரு நாள் நிலக்கரித் தூசிக்குள், மறுநாள் உப்பளத்தில், அடுத்த நாள் கப்பல் தளத்தில். எங்கே போனாலும் தோளில் ஒரு பை, அந்தப் பைக்குள் ஒரு சின்ன லேப்டாப். இன்றைக்கு நான் பேசப்போவது அந்த லேப்டாப்பைப் பற்றித்தான்.

"லேப்டாப்பில் பேச என்ன இருக்கு, கடைக்குப் போனா வாங்கிட்டு வரலாமே" என்று நினைப்பீர்கள். வாங்கலாம். ஆனால் கடையில் இருப்பது எந்த ஊருக்காகச் செய்யப்பட்டது என்பதுதான் கேள்வி.

சின்ன லேப்டாப்பின் கதை ரொம்பப் பழையதல்ல. 2007-இல் ஆசுஸ் கம்பெனி 'ஈ பிசி 701' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஏழு அங்குலத் திரை, எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. அதே ஆண்டில்தான் ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்காக 'குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்தின் எக்ஸ்ஓ என்ற பச்சை வெள்ளைப் பெட்டியும் வந்தது. நம் நாட்டில் 2023-இல் ஜியோபுக் வந்தது, 11.6 அங்குலத் திரை, 990 கிராம், அறிவிக்கப்பட்ட விலை 16,499 ரூபாய். ஆக, ஒரு கிலோவுக்குள் கம்ப்யூட்டர் என்பது இன்று அதிசயம் இல்லை.

எனக்கு இந்த ஒரு கிலோ ஏன் முக்கியம் என்றால், இருசக்கர வண்டியில் போகிறேன், இரும்பு ஏணியில் ஏறுகிறேன், பெல்ட்டுக்கு அடியில் குனிந்து உட்காருகிறேன். இரண்டரைக் கிலோ லேப்டாப்போடு சார்ஜரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஒரு நாளில் ஐந்து இடம் ஏறி இறங்கிப் பாருங்கள், சாயங்காலம் தோள்பட்டை பதில் சொல்லும். ஆகவே சின்ன லேப்டாப் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இன்று கிடைக்கும் சின்ன லேப்டாப்புகள் ஏசி அறைக்கும் விமான நிலைய நாற்காலிக்கும் ஏற்றபடி செய்யப்பட்டவை. நம் கடற்கரையில் அவை மூச்சுத் திணறுகின்றன.

குறைகளைச் சொல்லுமுன் ஒரு பழைய விஷயத்தை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். நம் ஊர்ப் பக்கம் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக் குளிப்பு நடந்தது 1961-இல். அந்தக் காலத்தில் முத்துக்களை எப்படித் தரம் பிரித்தார்கள் தெரியுமா? ஒரே அளவுள்ள பத்து பித்தளைக் கிண்ணங்கள் வைத்திருப்பார்கள். அடியில் துளைகள். முதல் கிண்ணத்தில் 20 துளை, அடுத்ததில் 30, அப்புறம் 50 என்று போய், கடைசிக் கிண்ணத்தில் 1000 துளை. துளை எண்ணிக்கை கூடக்கூட துளை சின்னதாகும். முத்தைப் போட்டுச் சலித்தால் எந்தக் கிண்ணத்தில் தங்குகிறதோ அதுதான் அதன் ரகம். "இது பெரிசு", "இல்லை அண்ணாச்சி, இது சிறிசு" என்று வியாபாரியும் விற்பவரும் கத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கிண்ணம் பேசிவிடும்.

நான் சொல்ல வருவது இதுதான். லேப்டாப் சரியில்லை என்று புலம்புவதால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. எவ்வளவு வேண்டும், எதை வைத்துச் சோதிப்பது என்று அளவோடு எழுதினால்தான் செய்பவன் காதில் விழும். அப்படி ஆறு அளவுகளை இங்கே வைக்கிறேன்.

முதலாவது, திரை. மதியம் பன்னிரண்டு மணிக்குக் கப்பல் தளத்தில் லேப்டாப்பைத் திறந்தால் திரையில் என்ன தெரியும்? நம் சட்டைதான் தெரியும். இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல, கணக்கு போட்டுப் பார்க்கலாம். திரையின் பிரகாசத்தை நிட் என்ற அலகில் சொல்வார்கள். மலிவான லேப்டாப் திரைகள் பெரும்பாலும் 250 நிட் அளவில் இருக்கின்றன. உச்சி வெயிலில் நிற்கும் வெள்ளைச் சட்டை ஏறக்குறைய 25,000 நிட் பிரகாசிக்கும். பளபளப்பான கண்ணாடி தன்மேல் படும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். 25,000-இல் 4 சதவீதம் 1000 நிட். திரை தருவது 250, சட்டை தருவது 1000. யார் ஜெயிப்பார்?

இதற்கு, "வெளிச்சத்தைக் கூட்டு" என்பது சுலபமான பதில். ஆனால் பிரகாசத்தை நான்கு மடங்கு கூட்டினால் பின்விளக்கு தின்னும் மின்சாரமும் ஏறக்குறைய நான்கு மடங்காகும். பேட்டரி மத்தியானமே படுத்துவிடும். நல்ல பதில், கண்ணாடியின் மேல் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு பூசுவது. 4 சதவீதம் 1 சதவீதமானால் சட்டையின் 1000 நிட் 250 ஆகிவிடும். இன்னும் நல்ல பதிலை எக்ஸ்ஓ லேப்டாப்பில் மேரி லூ ஜெப்சன் என்ற அம்மையார் செய்து காட்டினார். வெயிலில் பின்விளக்கை அணைத்துவிட்டு, வெயிலையே விளக்காக வைத்துக் கறுப்பு வெள்ளையில் படிக்கும் திரை அது. வெயில் கூடக்கூட எழுத்து தெளிவாகும். பிள்ளைகள் மரத்தடியில் படிப்பதற்காக 2007-இல் செய்தது, இன்றைக்கு எந்தச் சாதாரண லேப்டாப்பிலும் கிடையாது. ஆகவே முதல் அளவு: உச்சி வெயிலில், வெள்ளைச் சட்டை போட்டவர் ஓர் அடி தூரத்தில் உட்கார்ந்து, சாதாரண எழுத்தைப் படிக்க முடிய வேண்டும்.

இரண்டாவது, உப்பு. இதுதான் நம் ஊருக்கே உரிய வியாதி. வீட்டில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். நம் ஊரில் ஈரப்பதம் 33-க்குக் கீழே என்றைக்குப் போகிறது? அதாவது, லேப்டாப்புக்குள் போய்ப் படிந்த உப்புத் தூசி ஏறக்குறைய எப்போதுமே ஈரமாகத்தான் இருக்கும். ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே அது ஒரு கள்ளப் பாதை போட்டுவிடும்.

இப்போதைய யுஎஸ்பி-சி துளையை எடுத்துக்கொள்ளுங்கள். 24 பின்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் அரை மில்லிமீட்டர் இடைவெளி. சார்ஜ் ஏறும்போது அதிலே 20 வோல்ட் கூட ஓடும். அதில் ஈர உப்பு சேர்ந்தால் செம்பு பச்சையாகப் பூக்கிறது. எனக்கே நடந்தது. வாங்கிய எட்டாவது மாசம், ஒரு ஐப்பசி மழை முடிந்து சார்ஜ் ஏறவில்லை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்துவிட்டு, "உள்ளே தண்ணி பட்டிருக்கு சார், வாரண்டியில வராது" என்றார்கள். "தம்பி, இதுமேல ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல" என்றேன். "அப்ப பச்சை எப்படி சார் வந்துச்சு?" என்றார் அந்தப் பையன். அவன் மேல் தப்பில்லை. அவனிடம் கொடுத்த பட்டியலில் தண்ணீர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, தூத்துக்குடிக் காற்று என்று ஒரு கட்டம் கிடையாது. காசை நான்தான் கட்டினேன். இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இப்படிக் கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டால் நிறையக் கைகள் உயரும் என்று நினைக்கிறேன்.

இதற்கு வழி உண்டு. ஒன்று, ஃபேன் இருக்கக்கூடாது. ஃபேன் குளிர்ச்சிக்காகக் காற்றை உள்ளே இழுக்கும்போது உப்பையும் நிலக்கரித் தூசியையும் சேர்த்து இழுக்கிறது. இன்டெல்லின் என்100 மாதிரி 6 வாட் சிப்புகளை ஃபேன் இல்லாமலே ஓட்டலாம். என் வேலைக்கு அது தாராளம். இரண்டு, உள்ளே இருக்கும் போர்டின்மேல் மெல்லிய பாதுகாப்புப் பூச்சு பூச வேண்டும். ஏறக்குறைய ஒரு தலைமுடித் தடிமன் போதும். மோட்டார் வண்டி, கப்பல் எலக்ட்ரானிக்ஸில் இது வழக்கமாகச் செய்வதுதான். மூன்று, எல்லாத் துளைகளுக்கும் ரப்பர் மூடி. நான்கு, எடை குறையட்டும் என்று மக்னீசியக் கலவையில் உடம்பு செய்தால், பூச்சு கீறுபட்ட இடத்தில் உப்புக் காற்று அரிக்கும். நம் ஊருக்கு நல்ல பிளாஸ்டிக்கே மேல்.

சோதனைக்கும் முறை இருக்கிறது. ஏஎஸ்டிஎம் பி117 என்பது உலகமெங்கும் தெரிந்த உப்புப் பனிச் சோதனை. ஒரு பெட்டிக்குள் 5 சதவீத உப்புத் தண்ணீரை 35 டிகிரியில் பனிபோல் தூவிக்கொண்டே இருப்பார்கள். ஸ்கூட்டர் உதிரிபாகம் செய்கிறவர்கள்கூட இந்தச் சோதனை சான்றிதழ் கேட்கிறார்கள். மாணவர்களுக்கு வாங்கும் லேப்டாப்புக்கும் ஏன் கேட்கக்கூடாது?

மூன்றாவது, பேட்டரி. தகரக் கூரை போட்ட வேபிரிட்ஜ் கேபினுக்குள் மே மாசம் நின்று பாருங்கள். லித்தியம் பேட்டரிக்கு உஷ்ணமும் ஆகாது, உஷ்ணத்தில் முழுச் சார்ஜில் கிடப்பதும் ஆகாது. ஆகவே 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி எல்லா லேப்டாப்பிலும் வேண்டும். அடுத்து, எங்கே சார்ஜ் பண்ணுவது? கடலுக்குப் போகும் படகில் 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது, பெரிய லாரியில் 24 வோல்ட். அவற்றிலிருந்து நேராக ஏற்றிக்கொள்ள முடிய வேண்டும். மூன்றாவதாக, பேட்டரி தேய்ந்தால் கழற்றி மாற்ற முடிய வேண்டும். இப்போது பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஐரோப்பிய யூனியன் 2023-இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறது; 2027 பிப்ரவரியிலிருந்து கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்று. அவர்கள் கேட்டால் வருகிறது, நாம் கேட்டால் வராதா?

நான்காவது, விசைப்பலகை. நல்ல கீபோர்டில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19 மில்லிமீட்டர் இருக்கும். சின்ன லேப்டாப்பில் இதைத்தான் முதலில் நறுக்குகிறார்கள். என் விரல் சுருங்காதே! திரையைச் சுற்றி வெறும் ஓரம் விட்டுவிட்டு விசைகளை நெருக்குவது என்ன நியாயம்? அடுத்து, கை. எங்கள் வேலையில் கை வியர்வையும் உப்புமாகத்தான் இருக்கும். ஈரக் கையால் தொட்டால் டச்பேட் அம்பை அங்குமிங்கும் ஓடவிடும். அதற்கு அமுக்கும் பொத்தான் இரண்டு தனியாக வேண்டும்.

தமிழும் இங்கேதான் வருகிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையை அங்கீகரித்தது. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு என்று அழகாகப் பிரித்த பலகை அது. அங்கீகரித்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது, கடையில் வாங்கும் லேப்டாப்பின் விசைமேல் ஒரு 'அ' அச்சடித்திருக்கிறதா? வேபிரிட்ஜில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் என் லேப்டாப்பைப் பார்த்து, "இதுல தமிழ் அடிச்சா வரும்ங்கிய, ஆனா எந்தப் பொத்தான்ல எது இருக்குன்னு நான் என்ன சோசியமா பாக்க முடியும்?" என்று கேட்டார். எழுத்து அச்சடிக்க எத்தனை காசு ஆகும்?

ஐந்தாவது, துளைகள். எடை காட்டும் இண்டிகேட்டரின் பின்னால் இன்றைக்கும் ஒன்பது பின் சீரியல் துளைதான் இருக்கிறது. கிரேன், பம்ப் இவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் லேன் துளை. லேப்டாப்பை மெல்லிசாக்கும் ஆசையில் இந்த இரண்டையும் எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு நான் பையில் வால் வாலாக நாலு டாங்கிள் சுமக்கிறேன். ஒரு டாங்கிள் தளத்தின் இடுக்கில் விழுந்தால் கடலோடு போச்சு, அன்றைய வேலையும் போச்சு. சீரியல் துளையை நான் வற்புறுத்தவில்லை. யுஎஸ்பி பழைய அளவில் இரண்டு, மடக்கித் திறக்கும் லேன் துளை ஒன்று, இவ்வளவு போதும்.

ஆறாவது, ரிப்பேர். ஒரு விசை போனால் கீபோர்டை மாற்ற வேண்டும். அந்தக் கீபோர்டை மேல்மூடியோடு ஆணியடித்தாற்போல் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆகவே மூடியையே மாற்ற வேண்டும். அதற்குப் பதில் புதுசே வாங்கலாம் என்று முடிகிறது. மெமரியையும் போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள். மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'ரிப்பேர் உரிமை' என்று ஒரு தளமே தொடங்கியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் தளத்தில் தகவல் இருந்தாலும் பெட்டியைத் திறக்க முடிந்தால்தானே ரிப்பேர்? என் அளவு இது: ஒரே ஸ்க்ரூடிரைவர், பத்து நிமிஷம், பேட்டரியோ கீபோர்டோ மாற்றி முடித்திருக்க வேண்டும். நம் ஊர் மெக்கானிக்குகள் செய்துகாட்டுவார்கள்.

ஆறும் கேட்டுவிட்டேன். "இதெல்லாம் இருக்கிற மெஷின் ஏற்கெனவே இருக்கே" என்று நம் சீனியர்கள் கேட்கலாம். இருக்கிறது. ராணுவம், எண்ணெய்க் கிணறு இவற்றுக்கென்று செய்யும் முரட்டு லேப்டாப்புகள். விலை லட்சத்துக்கு மேல், எடை இரண்டு கிலோவும் அதற்கு மேலும். எனக்கும் அது கட்டாது, கல்லூரி மாணவனுக்கும் கட்டாது. நடுவில் ஒன்று இல்லை என்பதுதான் பிரச்சினை.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கேட்டால் எடையும் விலையும் ஏறும் என்பது எனக்கும் தெரியும். இன்ஜினியர் என்பவன் எதை விட்டுக்கொடுப்பது என்று சொல்லத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். நான் விட்டுக்கொடுப்பது இவை: மெல்லிசு வேண்டாம். உலோகப் பளபளப்பு வேண்டாம். வேகமான சிப் வேண்டாம். 990 கிராமுக்குப் பதில் 1300 கிராம் ஆகட்டும், அந்த 310 கிராமை நான் சந்தோஷமாகச் சுமக்கிறேன். விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பவை இரண்டு: வெயிலில் படிக்க வேண்டும், உப்பில் சாகக்கூடாது.

இதை யார் செய்து தருவார்கள்? இங்கே நம் நாட்டுச் சரித்திரத்தில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் நால்வரும் என்கோர் என்ற கம்பெனியும் சேர்ந்து 2001-இல் 'சிம்ப்யூட்டர்' என்ற கையடக்கக் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தமிழ், கன்னடம், இந்தியில் வாய்விட்டுப் படித்துக் காட்டும். ஆளுக்கொரு மெஷின் வாங்க முடியாது என்பதால், ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு, ஊருக்கு ஒரு மெஷின் என்று யோசித்துச் செய்தார்கள். பயன்படுத்துபவரை மனதில் வைத்த அருமையான டிசைன். 2004-இல் 'அமிடா' என்ற பெயரில் கடைக்கும் வந்தது. ஆனால் மொத்தமாக வாங்க ஆள் இல்லை. சில ஆயிரம் விற்றதோடு நின்றுபோனது.

அடுத்தது 2011-இல் வந்த 'ஆகாஷ்' டேப்லெட். அங்கே வாங்க அரசாங்கம் தயாராக இருந்தது. ஆனால் விலையை முதலில் எழுதிவிட்டு மற்றதை அதற்குள் அடைத்தார்கள். முதல் ஆகாஷின் திரையை நகத்தால் அமுக்க வேண்டியிருந்தது, வேகமும் போதவில்லை. அடுத்த ஆண்டே வேறு திரையும் வேறு சிப்பும் போட்டு ஆகாஷ்-2 கொண்டுவர வேண்டியதாயிற்று.

சிம்ப்யூட்டரில் டிசைன் இருந்தது, வாங்கும் கை இல்லை. ஆகாஷில் வாங்கும் கை இருந்தது, டிசைன் பின்தங்கியது. நம் மாநிலத்தைப் பாருங்கள். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேல் லேப்டாப்புகள் கொடுக்கப்பட்டன. 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று சொல்லி 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். இவ்வளவு பெரிய வாங்கும் கை உலகத்திலேயே அபூர்வம். லட்சக்கணக்கில் வாங்குபவர் டெண்டரில் ஒரு வரி சேர்த்தால், உலகத்தின் எந்தத் தொழிற்சாலையும் அந்த வரிக்குத் தகுந்தாற்போல் செய்து கொடுக்கும். கோயம்புத்தூருக்கு அந்த வரி தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரி மூன்று வருஷப் படிப்பு.

இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. திரேஸ்புரத்திலோ வேம்பாரிலோ கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு உள்ள ஒரு தங்கைக்கு லேப்டாப் கிடைக்கிறது என்று வையுங்கள். முதல் வருஷம் ஓடும். இரண்டாவது மழைக்காலத்தில் சார்ஜ் துளை பச்சை பூக்கும். "தண்ணி பட்டிருக்கு" என்பார்கள். ரிப்பேருக்குக் கேட்கும் பணம் அப்பாவின் எத்தனை நாள் கடல் வருமானம்? அந்த லேப்டாப் பீரோ மேல் ஏறிவிடும். மூன்றாம் வருஷப் புராஜெக்ட்டை அவள் போனிலேயே தட்டி முடிப்பாள். கணக்கில் அவளுக்கு லேப்டாப் கொடுத்தாயிற்று. கையில் இல்லை.

ஆகவே தம்பி தங்கைகளே, உங்களிடம் மூன்று வேலைகளை ஒப்படைக்கிறேன். மூன்றும் புராஜெக்ட்டாகவே செய்யலாம்.

ஒன்று, நம் ஊர்க் காற்றில் எவ்வளவு உப்பு என்று அளந்துவிடுங்கள். 'ஈரத்திரி' என்று ஒரு முறை இருக்கிறது, ஐஎஸ்ஓ 9225-இல் வருகிறது. ஒரு பாட்டிலில் ஈரத்துணி சுற்றிய திரியை மழை படாமல் கூரைக்கு அடியில் வைத்துவிட வேண்டும். மாசம் ஒருமுறை எடுத்து, அதில் சேர்ந்த குளோரைடை அளக்க வேண்டும். சில்வர் நைட்ரேட் டைட்ரேஷன், பிளஸ் டூவில் பியூரெட் பிடித்த எல்லோருக்கும் கைவரும். ஒன்றைக் கல்லூரி மாடியில் வையுங்கள், ஒன்றைத் துறைமுகத்துக்கு அருகில், ஒன்றை கடலிலிருந்து பத்து கிலோமீட்டர் உள்ளே. பன்னிரண்டு மாசம் விடாமல் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் கேட்க ஆளும் பக்கத்திலேயே உண்டு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், கடல் அரிப்பை ஆராய நம் தூத்துக்குடியிலேயே ஒரு பிரிவு வைத்திருக்கிறது.

இரண்டு, செத்த லேப்டாப்புகளைக் கணக்கெடுங்கள். நம் கல்லூரியில் வேலை செய்யாத லேப்டாப் எத்தனை, எதனால் போனது, எத்தனையாவது மாசம் போனது, ரிப்பேருக்கு எவ்வளவு கேட்டார்கள். ஒரு நோட்டு போதும். உள்நாட்டில் இருக்கும் ஒரு கல்லூரியோடு ஒப்பிட்டால் உப்பின் பங்கு தானே தெரிந்துவிடும்.

மூன்று, நான் சொன்ன ஆறு அளவுகளை அடித்துத் திருத்தி, ஒரே பக்கத்தில் எழுதுங்கள். என் பட்டியல் எடை பார்ப்பவனின் பட்டியல். உங்களுக்கு கேமரா முக்கியமாக இருக்கலாம், எனக்கு லேன் துளை. விவாதம் பண்ணி முடிவு செய்யுங்கள். அந்தப் பக்கத்தோடு முதல் இரண்டு வேலைகளின் கணக்கையும் சேர்த்து, கல்லூரி பெயரில் அரசுக்கு அனுப்புவோம். வெறும் மனுவாகப் போனால் கோப்புக்குள் போகும். பன்னிரண்டு மாச அளவோடு போனால் யாராவது ஒருவர் எடுத்துப் படிப்பார்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். பாட்டில், திரி, ரசாயனம் எல்லாம் சேர்த்துப் பெரிய தொகை ஆகாது. வருஷா வருஷம் நாம் கொடுக்கும் சுழற்கோப்பைகளின் செலவில் கொஞ்சத்தை இந்தப் பக்கம் திருப்பலாம். உப்புப் பனிச் சோதனைப் பெட்டி ஒன்றை வேதியியல், இயந்திரவியல் துறைகளுக்குப் பொதுவாக வாங்கிக் கொடுத்தால் பல வருஷம் பயன்படும். என் பங்கை நான் இன்றைக்கே தருகிறேன்.

இங்கிருந்து செய்தால் எடுபடுமா என்று யாருக்காவது தயக்கம் இருந்தால் ஒன்று சொல்கிறேன். இயற்கை முத்துக் குளிப்பு நின்று பன்னிரண்டு வருஷம் கழித்து, 1973-இல், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார்கள். எங்கே? இதே தூத்துக்குடியில்தான். சிப்பியை அளந்து, தண்ணீரை அளந்து, நாளை எண்ணி, பொறுமையாகக் காத்திருந்து எடுத்த முத்து அது. ஒரு லேப்டாப்புக்கான பக்கத்தை எழுத நமக்கு அவ்வளவு காலம்கூடத் தேவையில்லை.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது அந்த மாடியில் எத்தனை பாட்டில் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பேன்.